நாலாம் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு சனி, ஞாயிறு

2021 அக்டோபர் 30, சனி, திருச்சி

மளிகைக்கடை பெரியப்பா: (பலமுறை பகிரப்பட்டது) கொரோனாவால் மூடிய பள்ளிகளில் நவம்பர் 1 முதல் எல்.கே.ஜி. தொடங்கி எல்லா வகுப்புகளும் திறப்பு. அனைவருக்கும் தெரியப்படுத்தவும்.

நர்ஸ் அக்கா: பெரியப்பா, 1 முதல் 8 வரைதான் இப்போது திறக்கிறார்கள். எல்.கே.ஜி., யு.கே.ஜி. இல்லை என்று நம்ம ஊர் அமைச்சர் அன்பில் மகேஷே சொல்லிவிட்டார்.

மாடி வீட்டு அண்ணி: வருவது கட்டாயமில்லை என்றும் சொன்னாரே. நான் தீபாவளி கழித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். நாம் ஊசி போட்டுக்கொண்டோம், பிள்ளைகளுக்கு இன்னும் ஊசியே வரவில்லை.

நான்: எனக்கும் அதே பயம்தான் அண்ணி. ஆனால் என் மகள் இரண்டாவது. ஒன்றாவது முழுக்க ஃபோனிலேயே போயிற்று. பள்ளிக்கூட வாசலை மிதித்ததே இல்லை. எழுதிப் பழகட்டும் என்று உட்காரவைத்தால் 'க'வை இன்னும் திருப்பிப் போடுகிறாள்.

ஹெச்.எம். சார்: அவள் மட்டும் இல்லை அம்மா. 2020 மார்ச்சில் பூட்டியது, 19 மாதம் ஆகிறது. புதன்கிழமை முதல்வர் தொடங்கிவைத்த 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் முதலில் 12 மாவட்டங்களில் வருகிறது, அதில் நம்ம திருச்சியும் உண்டு. நல்லதுதான். ஆனால் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் அது பள்ளிக்கூடம் ஆகிவிடுமா?

மளிகைக்கடை பெரியப்பா: கபசுரக் குடிநீர் கொடுத்து அனுப்புங்கள். எதுவும் அண்டாது.

நர்ஸ் அக்கா: கசப்புக்குப் பயந்து ஓடுகிற கிருமி இல்லை பெரியப்பா. அண்ணி, மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். ஜூன், ஜூலையில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 57.2% பேருக்கு ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருந்தது. பாதிப் பேருக்கு மேல் நமக்குத் தெரியாமலே வந்து போயிருக்கிறது. பெரும்பாலும் பிள்ளைகளுக்கு முற்றுவதில்லை. அவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தால் பாட்டி தாத்தாவுக்குத்தான் ஆபத்து. உங்கள் மாமியாருக்கு இரண்டு ஊசியும் ஆயிற்றா?

மாடி வீட்டு அண்ணி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மாடி வீட்டு அண்ணி: ஒன்றுகூடப் போடவில்லை. கை வலிக்குமாம்.

நர்ஸ் அக்கா: திங்கட்கிழமை கூட்டி வாருங்கள். நானே போடுகிறேன், வலிக்காது.

அக்டோபர் 31, ஞாயிறு

ஹெச்.எம். சார்: காலையில் பள்ளிக்கூடம் போய்ப் பார்த்தேன். பிளீச்சிங் பவுடர் வாடை தெருமுனை வரை வருகிறது. வாசலில் மேசை போட்டு சானிடைசரும் காய்ச்சல் பார்க்கிற கருவியும் தயாராக இருக்கின்றன. ஒரு அறைக்கு 20 பேர், மீதிப் பேர் மறுநாள். எல்லாம் சரி, இரண்டாம் வகுப்பில்தான் ஜன்னல் மூன்றும் திறக்கவில்லை. கொக்கி துருவேறி இறுகிக் கிடக்கிறது. ஊதுபத்தி ஒன்று கொளுத்தி வைத்தேன். கால் மணி நேரம் புகை அறையை விட்டுப் போகவே இல்லை. அப்புறம் தேங்காய் எண்ணெய் விட்டு, செங்கல்லால் தட்டி இரண்டைத் திறந்தோம். இரண்டாவது ஊதுபத்தியின் புகை எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை.

நர்ஸ் அக்கா: சபாஷ் சார். மூச்சில் வருவதும் அந்தப் புகை மாதிரிதான். பெஞ்சைப் பத்துத் தடவை துடைப்பதைவிட அந்த இரண்டு ஜன்னல் மேல்.

சத்துணவு அக்கா: நாளை முதல் சமைத்த சோறுதான், இத்தனை நாள் மாதிரி அரிசி பருப்பைக் கையில் கொடுப்பது இல்லை. சாப்பிடும்போது மாஸ்க்கைக் கழற்றித்தானே ஆகணும்? அதனால் தாழ்வாரத்தில் சுண்ணாம்புக் கட்டம் போட்டிருக்கிறேன். ஒரு கட்டத்துக்கு ஒரு பிள்ளை, முகத்துக்கு முகம் பார்க்காமல்.

நர்ஸ் அக்கா: ஆட்டோ அண்ணே, நம்ம தெருவில் எத்தனை பிள்ளைகளை ஏற்றுவீர்கள்?

ஆட்டோ அண்ணன்: எப்போதும்போல 11.

நர்ஸ் அக்கா: மழை வந்தால்?

ஆட்டோ அண்ணன்: படுதாவை இறக்கிவிடுவேன். நனையவே மாட்டார்கள் தங்கச்சி, கவலைப்படாதீங்க.

நர்ஸ் அக்கா: சார் செங்கல்லால் தட்டி ஜன்னலைத் திறக்கிறார், நீங்கள் 11 பேரை மடியில் மடியாக உட்காரவைத்து அரை மணி நேரம் மூடி ஓட்டுகிறீர்கள்.

ஆட்டோ அண்ணன்: 19 மாதம் ஸ்கூல் சவாரி இல்லை. காய்கறி ஏற்றிப் பிழைத்தேன். இப்போது டீசல் 100 ரூபாயைத் தாண்டி நிற்கிறது. நாலு பேரை வைத்து ஓட்டச் சொன்னால் வண்டியை விற்க வேண்டியதுதான்.

நான்: அண்ணன் கேட்பதும் நியாயம்தானே.

ஹெச்.எம். சார்: பொறுங்கள். பாதிப் பேர் ஒரு நாள், பாதிப் பேர் மறுநாள் என்றால் 11 பேரும் ஒரே நாளில் போகப்போவதில்லையே. நாளைக்கு யார் யார்?

நான்: என் மகள் உண்டு.

பால்கார வீட்டு அம்மா: எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் நாளைக்குத்தான்.

ஹெச்.எம். சார்: என் பேரனும் சேர்ந்தால் நாலு. முக்கு வீட்டில் கேட்டேன், அங்கே ஒன்று. மொத்தம் ஐந்து பேர்.

மாடி வீட்டு அண்ணி: என் பையனையும் சேர்த்தால் ஆறு. தீபாவளி வரை அனுப்பவில்லை. ஆனால் அண்ணே, மாதப் பணம் முழுசாகத் தந்துவிடுகிறேன்.

பால்கார வீட்டு அம்மா: ஒருநாள் விட்டு ஒருநாள்தானே போகிறார்கள், எதற்கு முழுப் பணம்?

மாடி வீட்டு அண்ணி: பாதிப் பணம் கொடுத்தால் பழையபடி 11 பேரை ஏற்றுவார். அதற்குத்தான்.

பால்கார வீட்டு அம்மா: சரி, நானும் தருகிறேன்.

ஆட்டோ அண்ணன்: சரிங்க. ஐந்து பேர், மழை வந்தால் ஒரு பக்கப் படுதாதான். ஓரத்தில் உட்காருகிற பிள்ளைக்கு ரெயின்கோட் போட்டு விடுங்க.

நான்: சார், ஒரு சின்ன விஷயம். பாத்ரூம் எங்கே இருக்கும் என்று சாயங்காலத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்கே தெரியாது. அட்மிஷனுக்கு ஆபீஸ் ரூம் வரைதான் போனேன்.

ஹெச்.எம். சார்: மேடைக்குப் பின்னால், வேப்பமரத்தைத் தாண்டி இடது பக்கம். தாழ்ப்பாள் உயரத்தில் இருக்கிறது, அவளுக்கு எட்டாது. என் பேரனிடம் சொல்லி வைக்கிறேன், வெளியே காவல் நிற்பான்.

நான்: அவளிடம் படித்துக் காட்டினேன் சார். உங்கள் பேரன் திரும்பிப் பார்க்காமல் நிற்பானா என்று கேட்கிறாள்.