மறு: பிரிக்கிங் - 'குத்துப்படி' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். சிறு கட்டைகளில் (பாபின்) சுற்றிய இழைகளைத் தலையணைமேல் வைத்து ஒன்றோடொன்று மாற்றிப் பின்னும் வலைப்பின்னல்தான் பாபின் லேஸ். அதில் வரும் 'பிரிக்கிங்' என்ற சொல்லுக்குத் தமிழில் 'குத்துப்படி' என்று வைக்கலாமா என்ற பேச்சில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> 'பின்னல் வரைபடம்' என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

ஐயா, எந்த வரைபடம் என்று கேட்டால் மாட்டிக்கொள்வோம். பாபின் லேஸ் மென்பொருள்களில் மூன்று விதமான படங்களைப் பார்க்கிறோம். ஒவ்வோர் இழையும் எதன் மேலே, எதன் கீழே போகிறது என்பது ஒன்று. இரண்டிரண்டு இழையை ஒரே கோடாகக் காட்டுவது இன்னொன்று. வெரோனிக்கா இர்வின் தம் 2016 ஆய்வேட்டில் கணக்குப் போட்டது இந்த இரண்டாவதை வைத்துத்தான்: கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு கணுவுக்கும் இரண்டு சோடி உள்ளே வரும், இரண்டு சோடி வெளியே போகும். இவற்றுக்கு இழைப்படம், சோடிப்படம் போதும். மூன்றாவதுதான் பிரிக்கிங். தலையணைமேல் பொருத்தி, புள்ளிக்குப் புள்ளி குண்டூசி குத்தி, அதன்மேலேயே பின்னுகிற தாள்.

> 'குத்து' என்றால் அடிதடி போல இருக்கிறது.

காது குத்துகிறோம், பச்சை குத்துகிறோம். ஊசி படும் இடத்தில் இந்தச் சொல் இயல்பாகவே வருகிறது. ஐரோப்பாவில் பழைய அட்டையைப் புது அட்டைமேல் வைத்து, துளைதோறும் ஊசியை இறக்கித்தான் படியெடுத்தார்கள். குத்தி எடுத்த படி, குத்துப்படி.

> ஆரி வேலையில் சொல்கிற 'டிரேசிங்' இருக்கிறதே?

அது வேறு, அக்கா. அங்கே கோட்டை ஒட்டி நெருக்கமாகத் துளையிட்டு, மேலே கலவையைத் தேய்த்ததும் தாளை எடுத்துவிடுவோம். இங்கே தாள் கடைசிவரை பின்னலுக்கு அடியிலேயே கிடக்கும். ஒவ்வொரு துளையும் ஓர் ஊசி நிற்கும் இடம்.

'படி' எனக்குப் பிடிக்க இன்னொரு காரணம், அதில் அளவும் இருக்கிறது. போன மாதம் ஒரு கடையில் பிரிண்ட் எடுத்தேன். ஓரத்தில் எப்போதும் 5 செ.மீ. கோடு ஒன்று போட்டு வைப்பேன். வீட்டுக்கு வந்து ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 4.7. தாளுக்குள் அடங்கும்படி சுருக்கி அடித்துவிட்டார்கள். பரவாயில்லை என்று அதே நூலில் தொடங்கினேன். புள்ளிகள் நெருங்கிப்போனதால் கண்ணிகள் அடைத்துக்கொண்டு, வலைபோல வரவேண்டியது துணிபோல வந்தது. இரண்டு அங்குலத்தையும் பிரித்தேன். படத்தைச் சுருக்கலாம், குத்துப்படியைச் சுருக்கினால் நூலையும் மாற்றவேண்டும்.

பாபினுக்குத் 'தார்' என்ற பெயர் வேண்டாம் என்பது என் கருத்து. நெசவில் தார் என்பது நூல் சுற்றி, தறியில் ஓடும் நாடாவுக்குள் கிடப்பது. இது வெளியே தொங்கி, தன் எடையால் இழையை இழுத்துப் பிடிப்பது. இலங்கையின் காலி நகரப் பக்கம் சிங்களத்தில் 'பீரலு' என்கிறார்கள், போர்த்துகீசிய 'பில்ரோ'விலிருந்து வந்தது. நாம் பாபின் என்றே எழுதலாம்.

அப்புறம், கிரவுண்ட்ஃபோர்ஜ் என்ற பாபின் லேஸ் மென்பொருளில் தையல்களை ஒற்றை எழுத்துகளால் எழுதவேண்டும். நான்கு இழைகளில் நடு இரண்டை, இடதை வலதின் மேலாக மாற்றுவது குறுக்கு. ஒவ்வொரு சோடியிலும் வலதை இடதின் மேலாக மாற்றுவது முறுக்கு. கு, மு என்று சுருக்கினால் துணித்தையல் 'குமுகு', அரைத்தையல் 'குமு' என்று வாயிலும் நிற்கிறது. ஒரு சோடியை மட்டும் முறுக்கும் இடத்துக்கு இ, வ (இடது, வலது) போதுமா, இல்லை 'இமு', 'வமு' என்று விரித்து எழுதவேண்டுமா? பின்னிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்