புதுப்பிப்பு: சித்தப்பாவின் துவக்கு வழக்கு, மேன்முறையீட்டில் விடுதலை

முன்பு எழுதியதைப் பார்க்காதவர்களுக்கு: நிலாவெளிப் பக்கம், வேலியில்லாத வெறும் வளவு ஒன்றில் பொலிசார் ஒரு டி-56 தானியங்கித் துவக்கைத் தோண்டி எடுத்தார்கள். சித்தப்பாதான் இடத்தைக் காட்டினார், ஆகவே அதை வைத்திருந்தவரும் அவரே என்று வழக்குப் போட்டார்கள். மேல் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. தானியங்கித் துவக்கு என்றால் 1996 திருத்தத்துக்குப் பிறகு சட்டம் அவ்வளவு கடுமை.

சரி, செய்தி இதுதான்: கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்துவிட்டது. மனுசன் வீட்டில் இருக்கிறார்.

எது கைகொடுத்தது என்று பலர் கேட்டீர்கள். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. பொலிசாரிடம் சொன்னதில், பொருளைக் கண்டெடுக்க உதவிய பகுதியை மட்டும்தான் சாட்சியமாக எடுக்கலாம். பொருள் அங்கே இருப்பது அவருக்குத் தெரியும் என்பதற்கு மேல் அது எதையும் காட்டாது. வைத்திருந்தவர் அவரே என்பதை அரச தரப்பு தனியாக நிரூபிக்க வேண்டும். ஊரே குறுக்கால் நடந்து போகும் வளவில் அதை எப்படி நிரூபிப்பது? துவக்கு அரச பகுப்பாய்வாளரிடம் போகும்வரை யார் கையில், எந்த முத்திரையோடு இருந்தது என்பதிலும் ஓட்டை இருந்தது. ஆனால் எங்கள் சட்டத்தரணி முதல் விசயத்தில்தான் பிடித்து நின்றார். எனக்கும் அதுதான் பலமாகப் பட்டது.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று: மேன்முறையீட்டுக்கு 14 நாள்தான். காசு சேரட்டும் என்று இருந்துவிடாதீர்கள். மறியலில் இருப்பவர் சிறை அதிகாரி மூலமாகவே அறிவிக்கலாம்.

நட்டஈடு பற்றிக் கேட்டவருக்கு: அதைப் பற்றி இதுவரை யாரும் வாய் திறக்கவில்லை.