ஆயுள் சந்தா கட்டியவர்கள் உண்டா? உங்கள் அனுபவம் என்ன?

நான் விடாமல் படிக்கும் ஒரு மாத இதழில் ஆண்டுச் சந்தா 300, ஆயுள் சந்தா 3,000 என்று போட்டிருக்கிறார்கள். பத்து வருஷத்தில் போட்ட பணம் கழிந்துவிடும், அதற்கு மேல் வருவதெல்லாம் லாபம் என்று மனசு கணக்குப் போடுகிறது. வீட்டிலோ, "உங்களுக்கு முந்தி அவங்க கடையைச் சாத்திட்டா?" என்று கேட்கிறார்கள். கட்டியவர்கள் சொல்லுங்களேன்.

கரிசல்வாசி:
நான் ஆயுள் சந்தா கட்டிய சிற்றிதழ்களில் பாதிக்கு மேல் இன்று இல்லை. அதில் ஒன்று, பணம் போய்ச் சேர்ந்த பிறகு இரண்டே இதழ்தான் வந்தது. கடிதம் போட்டேன், பெறுநர் அங்கே இல்லை என்று திரும்பி வந்தது. மணியார்டர் ரசீது மட்டும் இன்னும் கிடக்கிறது. ஆனால் அந்த ஆசிரியர் என் காசில் மாடி வீடு கட்டியிருக்க மாட்டார் என்பது நிச்சயம். சி.சு. செல்லப்பா நடத்திய 'எழுத்து'கூட 1959இல் தொடங்கி 1970இல் 119 இதழோடு நின்றுபோனதுதானே. 1995இல் கோமல் சுவாமிநாதன் மறைந்ததோடு 'சுபமங்களா' முடிந்தது. 'காலச்சுவடு' மாதிரி 1988இல் தொடங்கி, இடையில் நின்று, 1994இல் திரும்ப வந்து இன்றுவரை ஓடுகிற கதையும் உண்டு. அதனால் ஆசிரியருக்கு அடுத்து பொறுப்பெடுக்க ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இப்போது பணம் அனுப்புகிறேன்.

பழைய மேனேஜர்:
ஒரு சிற்றிதழுக்குக் கொஞ்ச காலம் கணக்கு எழுதியவன் நான். உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

ஆயுள் சந்தாப் பணத்தை வங்கியில் வைப்பாகப் போட்டு, வட்டியில் அந்த வாசகருக்கு இதழ் அனுப்ப வேண்டும். அதுதான் முறை. தொண்ணூறுகளில் வட்டி 12 சதவீதம் கிடைத்தபோது 3,000 ரூபாய்க்கு வருஷம் 360 வரும். 300 ரூபாய்ச் சந்தாவுக்கு அது போதும், மிச்சமும் இருக்கும். இன்று 7 சதவீதம் என்றால் 210தான். மீதி 90 ரூபாயை யாரோ கையிலிருந்து போடுகிறார்கள். காகித விலையும் அச்சுக்கூலியும் ஏறும்போது அந்தத் துண்டு இன்னும் பெரிதாகும். உங்கள் 3,000 மட்டும் அப்படியே நிற்கும்.

இதுகூட ஒழுங்காக வைப்பில் போட்டால்தான். எங்களிடம் நடந்தது வேறு. அச்சகத்துக்காரர் பழைய பாக்கியைத் தீர்க்காமல் அடுத்த இதழை ஓட்ட மாட்டேன் என்று நிற்பார். அந்த வாரம் பார்த்து இரண்டு ஆயுள் சந்தா வரும். காசோலை மாறிய அன்றே பணம் அச்சகத்துக்குப் போய்விடும். மேலுறையில் ஒட்டுகிற முகவரிச் சீட்டில் "ஆ.ச." என்று சிவப்பு மையில் எழுதுவோம். சிவப்புச் சீட்டுக் கட்டு பருக்கப் பருக்க எனக்கு வயிற்றைக் கலக்கும். அத்தனை பேருக்கும் மாதாமாதம் அனுப்ப வேண்டும், ஆனால் அவர்களிடமிருந்து இனி ஒரு பைசா வராது. ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் கிடையாது, அது மட்டும் உண்மை.

திருச்சி புத்தகப்பூச்சி:
இதழ் வேறு, பதிப்பக உறுப்பினர் திட்டம் வேறு. நேஷனல் புக் டிரஸ்ட்டில் நான் சேர்ந்தபோது வாழ்நாள் உறுப்பினர் கட்டணம் நூறு ரூபாய், அவர்கள் நூல்களுக்கு 20 சதவீதத் தள்ளுபடி. சென்னை புத்தகக் காட்சியில் யார் வாங்கினாலும் 10 சதவீதம் குறைப்பார்கள். ஆக எனக்குக் கூடுதலாகக் கிடைப்பது 10 சதவீதம். ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினாலே நூறு கழிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். ஆயிரக்கணக்கில் முன்பணம் கேட்டு, "இனி நாங்கள் போடும் எல்லாப் புத்தகமும் வீடு தேடி வரும்" என்கிற திட்டங்களில்தான் யோசனை வேண்டும். எல்லாப் புத்தகத்தையும் நீங்கள் படிப்பீர்களா? பாதி அட்டைகூடத் திறக்காமல் அலமாரியில் நிற்கும். அஞ்சல் துறை 2024 டிசம்பரில் பதிவுப் புத்தக அஞ்சலை நிறுத்திய பிறகு அனுப்புகிற செலவும் கூடிவிட்டது. அதை யார் தலையில் கட்டுவார்கள் என்று முதலிலேயே கேளுங்கள்.

நாஞ்சில் நாட்டுப் பெண்:
அப்பா கட்டிய ஆயுள் சந்தா. அவர் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது, இதழ் அவர் பெயரில் வந்துகொண்டே இருக்கிறது. என் பெயருக்கு மாற்ற முடியுமா என்று போன் பண்ணினேன். எடுத்த பெரியவர், "அப்படி விதி இல்லைம்மா" என்றார். சரி, நிறுத்திவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். மறுமாதமும் வந்தது! அப்புறம் எனக்கே ஒரு மாதிரி இருந்ததால் நன்கொடை என்று கொஞ்சம் அனுப்பினேன். அதற்கும் அப்பா பெயரிலேயே ரசீது போட்டு அனுப்பினார்கள்.

கேள்வி கேட்டவர்:
மேனேஜர் சார், அப்படியானால் மூன்றாண்டுச் சந்தா கட்டுவது அவர்களுக்கும் தேவலையா?

பழைய மேனேஜர்:
ரொம்பத் தேவலை. மூன்று வருஷம் கழித்து அன்றைய விலைக்குப் புதுப்பிப்பீர்களே, அதுதான் இதழுக்குச் சோறு. ஆயுள் சந்தாதான் என்றால் நன்கொடை என்று நினைத்துக் கட்டுங்கள், அதுவும் போனால் போகிறது என்று விடக்கூடிய தொகையாக. காசோலையை யார் பெயருக்கு எழுதச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். இதழின் பெயரிலோ அறக்கட்டளை பெயரிலோ கணக்கு இருந்தால் நல்லது. ஆசிரியரின் சொந்தக் கணக்கு என்றால் ஓராண்டுச் சந்தாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.