துப்பாக்கியை மாற்றவா, என்னை மாற்றவா?

டங்காட் தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். ஒன்றரை வருடமாகச் சனிக்கிழமைதோறும் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போகிறேன். மாமா வைத்திருந்த பழைய 308 துப்பாக்கி இப்போது என் பேரில் உரிமத்தோடு இருக்கிறது. ஸ்கோப் கிடையாது, சின்னத் துளை வழியே பார்த்துக் குறிவைக்கும் துளைக்குறிதான். 300 மீட்டரில் படுத்துச் சுட்டால் பத்துத் தோட்டாக்கள் 26 செ.மீ. அகலத்துக்குச் சிதறுகின்றன. புதுத் துப்பாக்கிக்குப் பணம் சேர்த்துவிட்டேன். வாங்கலாமா, இல்லை அந்தக் காசைத் தோட்டாவிலும் பயிற்சியிலும் போடலாமா?

மாரிட்ஸ்பர்க் பெரியவர்:
தம்பி, வாங்காதே. 1899 டிசம்பர் 15ஆம் தேதி தென்னாப்பிரிக்காவில், நம் நேட்டாலின் கொலென்சோவில் என்ன நடந்தது என்று யோசித்துப் பார். துகேலா ஆற்றங்கரையில் டச்சு வம்சாவளிக் குடியேறிகளான போயர்கள் ஆங்கிலேயப் படையைத் தடுத்து நிறுத்தினார்கள். அவர்கள் சம்பளத்துக்குச் சேர்ந்த சிப்பாய்கள் இல்லை, பண்ணைக்காரர்கள். சின்ன வயதிலிருந்தே மான் வேட்டையாடி, தூரத்தைக் கண்ணாலேயே அளக்கப் பழகியவர்கள். அன்று அடிபட்டவர்களை டோலியில் சுமந்த இந்தியர்களில் கரும்புத் தோட்டத்திலிருந்து போன நம் ஆட்களும் இருந்தார்கள். அந்தக் கை உனக்கு வராமல் எந்தத் துப்பாக்கி வாங்கியும் பலன் இல்லை.

உன்னோடு வருகிற யாரையாவது, தோட்டாக்களுக்கு நடுவே உனக்குத் தெரியாமல் மருந்து இல்லாத, வெடிக்காத ஒரு போலித் தோட்டாவைப் போட்டுத் தரச் சொல். அது வரும்போது துப்பாக்கியின் முனை கீழே குதித்தால், சத்தத்துக்குப் பயந்து நீ விசையை இடிக்கிறாய் என்று அர்த்தம்.

சாட்ஸ்வர்த் ஃபிட்டர்:
ஐயா மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு, ஆனால் கொலென்சோவைப் பாதி சொல்லி விட்டுவிட்டார். போயர்கள் கையில் இருந்தது 7 மி.மீ. மவுசர் துப்பாக்கி. கிளிப்பில் கோத்த ஐந்து தோட்டாக்களை ஒரே அழுத்தில் உள்ளே தள்ளலாம். எதிரில் ஆங்கிலேயர் வைத்திருந்த லீ ரகத் துப்பாக்கிகளில் ஒவ்வொன்றாகத்தான் செருக வேண்டும். வேட்டைக்காரன் கைக்கு நல்ல கருவியும் கிடைத்தது, அதுதான் அன்றைய கதை.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். என் குரூப், அதாவது தோட்டாக்கள் சிதறும் அகலம், விரிந்துகொண்டே போனது. ஒரு வருடம் முழுக்க மூச்சைத் திருத்தினேன், முழங்கையைத் திருத்தினேன், படுக்கும் கோணத்தை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் பேரலின் உள்வாய் தேய்ந்து போயிருந்தது. இல்லாத தவறைத் திருத்தப் போய், நன்றாக இருந்த பழக்கங்களையும் கெடுத்துக்கொண்டேன். அவற்றை மீட்க இன்னொரு வருடம் ஆனது. கருவி பொய் சொன்னால் பயிற்சியும் பொய்யாகிவிடும் தம்பி.

லெனேஷியா டீச்சர்:
இரண்டு பேரும் அளக்காமலே பேசுகிறீர்கள். தம்பி, உங்கள் ரேஞ்சில் நன்றாகச் சுடுகிற ஒருவரிடம் அதே துப்பாக்கியையும் அதே தோட்டாவையும் கொடுங்கள். அவர் சுட்ட குரூப்பை அளந்து இங்கே போடுங்கள்.

டங்காட் தம்பி:
அக்கா, இன்று ஒரு சீனியர் சுட்டுப் பார்த்தார். பத்துத் தோட்டாவுக்கு 11 செ.மீ.

லெனேஷியா டீச்சர்:
சரி, இப்போது கணக்குப் போடலாம். துப்பாக்கியின் சிதறலையும் ஆளின் சிதறலையும் நேராகக் கூட்டக் கூடாது, வர்க்கமாக்கித்தான் கூட்ட வேண்டும். 11 செ.மீ. முழுவதையும் துப்பாக்கியின் தலையிலேயே போடுவோம். 26இன் வர்க்கம் 676, 11இன் வர்க்கம் 121. கழித்தால் 555. அதன் வர்க்கமூலம் 23.6. அவ்வளவும் உங்களுடையது. இப்போது 5 செ.மீ. சுடுகிற புதுத் துப்பாக்கி வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். 555உடன் 25 சேர்த்தால் 580, வர்க்கமூலம் 24. சேர்த்த பணமெல்லாம் செலவாகி 26 செ.மீ. 24 ஆகும். உங்கள் பங்கைப் பாதியாக்கினால் இதே பழைய துப்பாக்கியில் 16 செ.மீ. வரும்.

உச்சத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். நான் சுடுவது 10 மீட்டர் ஏர் ரைபிள். அதில் பத்துப் புள்ளி வட்டம் வெறும் 0.5 மி.மீ. கடலூரில் பிறந்த இந்திய ஏர் ரைபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் போன்றவர்களுக்குத் தன் பங்குச் சிதறல் அவ்வளவு சிறியது. அதனால் துப்பாக்கியின் பங்கு பெரிதாகத் தெரியும். அங்கே துப்பாக்கி 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது, சுடுபவர் உடுத்தும் கோட்டின் துணி ஒற்றை அடுக்கில் 2.5 மி.மீ. தடிமனைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் விதி வைத்திருக்கிறார்கள். கருவியால் பயனே இல்லை என்றால் இத்தனை விதி எதற்கு?

சாட்ஸ்வர்த் ஃபிட்டர்:
டீச்சர், கணக்கு சரி. ஆனால் ஆளின் சிதறலும் துப்பாக்கியின் சிதறலும் தனித்தனி என்று வைத்துக்கொண்டு போட்டிருக்கிறீர்கள். விசை கனமாக இருந்தால் விரல் இழுக்கும். தோளில் பதிக்கும் கட்டை நீளமாக இருந்தால் கன்னம் ஒரே இடத்தில் உட்காராது, ஒவ்வொரு தடவையும் கண் வேறு இடத்திலிருந்து பார்க்கும். அந்த 23.6இல் எத்தனை செ.மீ. துப்பாக்கி உண்டாக்கியது என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியுமா?

லெனேஷியா டீச்சர்:
முடியாது. அந்தச் சீனியர் பழகிய கையோடு அதைச் சமாளித்திருப்பார். இது நான் யோசிக்காத இடம், ஒத்துக்கொள்கிறேன்.

மாரிட்ஸ்பர்க் பெரியவர்:
அப்படியானால் விசையையும் கட்டையையும் சரிபண்ணட்டும். அதற்குப் புதுத் துப்பாக்கி எதற்கு? அதற்கு இன்னொரு உரிமம் வேறு போட வேண்டும். நாளைக்கே தம்பி 600 மீட்டருக்குப் போவான். மணிக்கு 16 கி.மீ. பக்கக் காற்று அடித்தால் 308 தோட்டா அங்கே முக்கால் மீட்டருக்கு மேல் விலகும். கொடி அசைவதைப் பார்த்து அதைக் கணிக்க வேண்டியது அவன் கண்தான். ப்ளூம்ஃபொன்டைன் போட்டிக்குப் போனால் அங்கே உயரம் 1,400 மீட்டர், காற்று மெலிந்திருக்கும். கடற்கரையில் வைத்த குறி அங்கே மேலே அடிக்கும். இதையெல்லாம் எந்தக் கடையில் விற்கிறார்கள்?

டங்காட் தம்பி:
ஃபிட்டர் அண்ணா கேட்டது சரிதான். அந்தச் சீனியரும் விசை கனம் என்றார். மாமா என்னைவிட நல்ல உயரம், அவருக்குப் பொருந்திய கட்டை இது. நான் கழுத்தை நீட்டித்தான் துளையைப் பார்க்கிறேன். புதுத் துப்பாக்கியை இப்போதைக்குத் தள்ளிப்போடுகிறேன்.

சாட்ஸ்வர்த் ஃபிட்டர்:
சனிக்கிழமை நான் டங்காட் பக்கம் வருகிறேன். மீன் எடை போடுகிற ஸ்பிரிங் தராசு கொண்டுவந்து விசையின் கனத்தை அளந்து பார்ப்போம். கட்டையை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று பார்க்காமல் நீயே அறுத்துவிடாதே.

மாரிட்ஸ்பர்க் பெரியவர்:
அப்படியே இரண்டு போலித் தோட்டாவும் எடுத்துக்கொண்டு போப்பா. அவனுக்குத் தெரியாமல் நீயே போட்டுக் கொடு.