இன்னும் பெருக்குகிறார்

சித்தி: தம்பி, உங்கள் வீட்டு டிவி பழுதா? நேற்று இரவு ஒருவர் தரையைப் பெருக்கிக்கொண்டே இருந்தார். நான் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அப்போதும் பெருக்கிக்கொண்டுதான் இருந்தார்.

தம்பி: பழுது இல்லை சித்தி. ‘ட்வின் பீக்ஸ்’ என்ற துப்பறியும் தொடரின் ஏழாம் பகுதி. இரண்டு நிமிடத்துக்கும் மேல் அவ்வளவுதான் காட்சி.

சித்தி: நம் வீட்டில் யாராவது அப்படி ஓரம் விடாமல் பெருக்கினால் தேவலை.

பெரியப்பா: டேவிட் லிஞ்ச் எடுத்ததுதானே? 2025 ஜனவரியில் இறந்துவிட்டாரே, பாவம். அவருடைய ‘இரேசர்ஹெட்’ படத்தை வீடியோ காசெட்டில் ஆறு பேர் பார்க்க உட்கார்ந்தோம். நான்கு பேர் எழுந்து போய்விட்டார்கள். அதில் வரும் குழந்தையின் முகம் இன்றும் கண்ணை விட்டுப் போகவில்லை.

அக்கா: கொலைகாரன் யார் என்று மட்டும் சொல். 18 பகுதி பார்க்க எனக்குப் பொறுமை இல்லை.

தம்பி: அது 1990-இல் வந்த பழைய தொடரின் கேள்வி அக்கா. லிஞ்ச் விடையைச் சொல்லவே விரும்பவில்லை. தொலைக்காட்சிக்காரர்கள் நெருக்கியதால் இரண்டாம் சீசன் நடுவிலேயே சொல்லிவிட்டார்கள். 1991-இல் தொடர் நின்றுபோனது. கொலையான பெண் லாரா, அதன் கடைசிப் பகுதியில் “25 ஆண்டு கழித்துப் பார்க்கலாம்” என்பாள். 2017-இல் பழைய நடிகர்கள் பலரோடு நிஜமாகவே திரும்பி வந்தார்கள், அதுதான் இந்த 18 பகுதி.

அக்கா: பழைய முகங்களைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்திருக்குமே.

தம்பி: அந்தச் சந்தோஷத்தைத்தான் லிஞ்ச் தர மறுக்கிறார். துறுதுறுவென்று இருந்த துப்பறியும் கூப்பர், எதிரில் இருப்பவர் பேச்சின் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்லிக்கொண்டு மலங்க மலங்க நிற்கிறார். 16-ஆம் பகுதிவரை இதே கதை! முதல்முறை எரிச்சலில் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். இப்போது எரிச்சல் வரவில்லை, பயமாக இருக்கிறது.

சித்தி: போன வாரம் ஓர் அம்மாள், மூக்கில் குழாய், கையில் மரக்கட்டை. ஃபோனில் பேசினாரே, அவர் யார்?

தம்பி: மார்கரெட்டாக நடித்த கேத்தரின் கோல்சன். நடிக்கும்போது உண்மையிலேயே புற்றுநோய். 2015-இல் காலமானார், ஒளிபரப்பைப் பார்க்கவில்லை. 15-ஆம் பகுதியில் ஹாக் என்ற போலீஸ்காரரைக் கூப்பிட்டு, தான் இறந்துகொண்டிருப்பதாகச் சொல்வார். ஹாக் “குட்நைட் மார்கரெட்” என்பார். அந்தப் பக்கம் ஃபோனை வைத்த பிறகுதான், தனக்குத்தானே, “குட்பை மார்கரெட்”.

அக்கா: காதில் விழும்படி சொல்ல வாய் வரவில்லை.

பெரியப்பா: 15-ஆம் பகுதி போடும் அன்று சொல். வருகிறேன்.

சித்தி: நானும். அதற்குள் அவர் பெருக்கி முடித்துவிடுவார் அல்லவா?