புதுப்பிப்பு: காதுக்கு எழுதப் பழகும் ஈரோட்டு மாணவர்கள்

வானொலிப் பிரதியையும் மாணவர்கள் கட்டுரை நடையிலேயே எழுதுகிறார்கள் என்று சென்ற மாதம் வருந்தியிருந்தேன். உரக்கப் படிக்க வைக்குமாறு நீங்கள் சொன்ன யோசனையைப் பவானி ஜமக்காளம் பற்றிய பிரதியில் செய்து பார்த்தோம். "பல வண்ணப் பட்டைகளைக் கொண்டதும் புவிசார் குறியீடு பெற்றதுமான ஜமக்காளம் இங்கு நெய்யப்படுகிறது" என்ற வரியின் பாதியிலேயே மூச்சு வாங்கிய மாணவி ஒருவர், அதை அடித்துவிட்டு, குழித்தறியின் ஓசையை முதலில் ஒலிக்கவிட்டு, "இது பவானித் தறியின் சத்தம்" என்று தொடங்கினார். அந்த ஒரு திருத்தம் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி தந்தது.

தொலைக்காட்சிக்காக இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் ஒலி என்று பிரித்து எழுதியபோது, படமே காட்டிவிடும் நிறங்களைப் பற்றிய சொற்கள் தாமாக உதிர்ந்தன. எண்களில்தான் இன்னும் தடுமாற்றம்: 1,24,860 என்பதை "ஏறத்தாழ ஒன்றேகால் இலட்சம்" என்று எழுத அவர்களுக்கு இன்னும் மனம் வரவில்லை. அடுத்த வாரம் மஞ்சள் சந்தை விலை நிலவரத்தை எழுத வைக்கப் போகிறேன்.