பள்ளமான நிலத்தில் மனைப்பிரிவு: மண் கொட்டுவது யார்?

நெல்வயல்: சென்னை தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் நன்செய் இருக்கிறது. ஏரிப்பாசனம் நின்று பல காலமாகிறது. தெற்கு மூலை, மேல்பக்கத்தைவிட ஐந்தடி பள்ளம். மனைகளாகப் பிரித்து விற்கப் போகிறேன். நான்கு பில்டர்கள் ஆளுக்கொரு பகுதியாகக் கேட்கிறார்கள். மண் கொட்டுவதை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைக்கிறேன். சரிதானே?

செங்கல்சூளை: சரிதான் ஐயா. சராசரி மூன்றடி என்றாலே 6,500 யூனிட் மண் (ஒரு யூனிட் நூறு கன அடி). மனை விற்பதற்கு முன்பே அவ்வளவு பணத்தை மண்ணில் போட்டுவிட்டு யாரால் காத்திருக்க முடியும்? நானும் பில்டர்தான். என் மனைக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

அடையாற்றங்கரை: உங்கள் மனைக்குத் தெரியும், பக்கத்து மனைக்கு? எங்கள் தெருவில் முதல் வீடு ஓரடி உயர்த்திக் கட்டினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு வந்த பில்டர் நான்கடி ஏற்றினார். சாலையையும் சுரண்டாமல் மேலேயே போட்டார்கள். இப்போது முதல் வீட்டின் வாசல் சாலையைவிட இரண்டு படி கீழே. பெருமழை பெய்தால் கழிவறைக் கோப்பையில் தண்ணீர் எதிர்த்து வருகிறது. அவரவர் பார்த்துக்கொண்டதன் லட்சணம் இது.

மட்டப்பலகை: கேள்வியே தவறு ஐயா. மனைப்பிரிவு அனுமதிக்கு, நிலம் வெள்ளத்தில் மூழ்குமா என்ற நோக்கில் நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். எந்த மட்டத்துக்கு நிலத்தை உயர்த்த வேண்டும் என்ற நிபந்தனை அதிலேயே வரும். விண்ணப்பதாரர் நீங்கள், பில்டர்கள் அல்ல.

செங்கல்சூளை: மட்டத்தைக் கிரயப் பத்திரத்தில் எழுதிவிட்டால் போதாதா அம்மா? அவர் கொட்டும் மண்ணை நம்பி நான் அஸ்திவாரம் போட மாட்டேன். களிமண் மேல் லாரி லாரியாகக் கொட்டி, ரோலர் காட்டாமல் விட்டால் இரண்டு மழையில் இறங்கிவிடும். எப்படியும் பழைய தரைக்குக் கீழே போய் அண்டர்ரீம்டு பைல்தான், அதாவது அடியில் குமிழ்போல் அகலும் கான்கிரீட் தூண்.

மட்டப்பலகை: அஸ்திவாரம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் சாலையும் வடிகாலும் யாருடையவை? அவற்றை நில உரிமையாளரே முதலில் போட வேண்டும். மனைகளுக்குள் மண்ணைப் பில்டர்கள் நிரப்பட்டும். சாலை மட்டத்துக்கு மேல் எவ்வளவு என்பதற்கு உச்சவரம்பு வையுங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்பதால் சாலை போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளி விட்டாக வேண்டும். பள்ளமான மூலையை அதற்கு ஒதுக்கலாம்.

அடையாற்றங்கரை: பள்ளத்தைப் பூங்கா என்று எழுதிக் கொடுத்துக் கை கழுவுவது பழைய வித்தை. அந்தத் திறந்தவெளியை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்ததும் அது அவர்கள் சொத்து. தூர் வார யார் வருவார்? இன்னொன்று: ஏரிப்பாசன நிலம் என்றால் வாய்க்கால் இருந்திருக்கும். புலப்படத்தை, அதாவது நில அளவைத் துறையின் வரைபடத்தை, எடுத்துப் பாருங்கள். உங்கள் வடிகால் எங்கே போய் விழும் என்பதற்கு அங்கேதான் விடை இருக்கிறது.

நெல்வயல்: பார்த்தேன். வாய்க்கால் இருக்கிறது, புறம்போக்கு என்றே காட்டியிருக்கிறது. இரண்டாவது பில்டர் கேட்கும் பகுதியின் நடுவே போகிறது. மேலே சிலாப் போட்டு மூடி, கார் நிறுத்த வைத்துக்கொள்கிறேன் என்கிறார்.

செங்கல்சூளை: குறுக்கே போய்வர அனுமதி வாங்கிச் சிறுபாலம் போடலாம். நீளத்துக்கும் மூடுவது ஆக்கிரமிப்பு. நான்கில் ஒருவர் குறைந்தால் பரவாயில்லை, அவருக்கு விற்காதீர்கள்.

அடையாற்றங்கரை: இதில் மட்டும் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மண் விஷயத்தில் இருக்கிறது.